இயர்போனுக்கு ஒரு பொட்டு

காலைப் பாத்திரங்களை உதயகுமார்தான் கழுவுகிறார். ஒன்பதரை மணிக்கு மனைவி ரூபாவுக்குப் போன் வேலை தொடங்கிவிடும். அதற்குள் குக்கர், தோசைக்கல், டம்ளர் எல்லாம் கழுவிக் கவிழ்த்தாக வேண்டும். மிச்சம் இருந்தால் சத்தம் வராமல் கழுவ வேண்டும், அது தனி வித்தை. தொட்டியின் அடியில் பழைய துண்டை விரித்து அதன்மேல் வைத்துத் தேய்க்கிறார். குழாயைத் திறப்பதில்லை, வாளியிலிருந்து மொண்டு ஊற்றுகிறார். லேத் பட்டறை இரைச்சலில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு இந்த அடக்கம் கைவரச் சில மாதங்கள் ஆயின.

தமிழக எல்லையோரத்து ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து, ஒரே பட்டறையில் வேலை பார்த்து, அக்ரஹாரத்துச் சந்தில் வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தியவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு பட்டறையை மூடிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயது ஆளை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு விதைக் கம்பெனி, தமிழ் பேசும் விவசாயிகளின் சந்தேகங்களுக்குப் போனில் பதில் சொல்ல ஆள் தேடியது. ரூபா பிறந்து வளர்ந்தது தோட்டத்து வீட்டில்தான். மஞ்சளும் மக்காச்சோளமும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்துக்கும் அளவுக்கும் கம்பெனியே பயிற்சி கொடுத்தது. சாமான் அறையை ஒழித்து ஒரு நாற்காலி போட்டாள். ஒரு போன், ஒரு இயர்போன். வீட்டு வாடகையும் அரிசியும் இப்போது அங்கிருந்துதான் வருகின்றன.

இதற்காக உதயகுமார் மனைவியிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னவரில்லை. அந்த வழக்கம் இரண்டு பேர் குடும்பத்திலும் கிடையாது. ஆனால் ஆயுத பூஜை வந்தபோது, பட்டறையில் தன் லேத்துக்குச் செய்ததையெல்லாம் வீட்டில் செய்தார். ஸ்கூட்டரைக் கழுவி மாலை போட்டார். மிக்சி, அரிவாள்மணை, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். கடைசியாக வாழையிலையில் அந்த இயர்போனைச் சுருட்டி வைத்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, வயரின் நடுவே கழுத்தருகே தொங்கும் அந்தச் சின்னத் துண்டின் மேல் பொட்டிட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார். சூடம் காட்டும்போது மற்ற சாமான்களைவிட அதற்கு ஒரு சுற்று கூடுதல்.

“மெசினுக்குக் காட்டற மாதிரி காட்டறீங்க,” என்றாள் ரூபா.

“சோறு போடறதுக்குத்தான காட்டோணும்,” என்றார். அவர் பேசியதிலேயே பெரிய பாராட்டு அதுதான்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. போன் செய்த விவசாயிகளின் பேச்சு ரூபாவுக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் பேசுவதுதான் அவர்களுக்குக் கேட்கவில்லை.

“ஏனுங்க அம்மிணி, கெணத்துக்குள்ளாற இருந்து பேசறீங்களா?” என்று கேட்டார் ஒருவர். இன்னொருவர், “ஊட்டுக்கு வந்த ஒரம்பறைக்குச் சோறாக்கீட்டே பேசறாப்ல இருக்குது,” என்று வைத்துவிட்டார். உருளைக்கிழங்குக்குச் சொன்ன மருந்தை ஒருவர் தக்காளிக்கு என்று எடுத்துக்கொண்டு, நல்லவேளையாக இரண்டாவது முறை கூப்பிட்டுக் கேட்டார். பெங்களூரு அலுவலகத்து மேலாளர் அன்று மாலையே பேசினாள். சண்டையாக இல்லை, தன்மையாகத்தான் பேசினாள். இந்த வாரமும் இதே புகார் வந்தால் தமிழ் அழைப்புகளை ஈரோட்டிலிருக்கும் வேறொரு பெண்ணுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றாள்.

ரூபா இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். “இதும் போச்சுங்க. புதுசு ஒண்ணு வாங்கியாங்க.”

உதயகுமார் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே ஏற்கெனவே செத்துப்போன இரண்டு இயர்போன்கள் இருந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளிகளையும் பிரித்து வைப்பது அவர் பொறுப்பு. குப்பை வண்டியோடு வரும் கெம்பம்மா இந்த வயர்களை இரண்டு வாளியிலும் சேர்க்க விடவில்லை. “இது மக்கவும் மக்காது, எரிச்சா நாத்தம். தனியா வெச்சுக்கங்க, இதுக்குன்னு வாங்கறவங்க வந்தா குடுங்க,” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனவள், அப்படி யாரையும் கூட்டி வரவில்லை. டப்பா அப்படியே கிடந்தது.

“இந்தத் தடவ மண்ணுக்குப் பாரமில்லாததா வாங்கோணும்,” என்றார்.

“மண்ணுக்கு அப்பறம் பாருங்க. மொதல்ல ஈரோட்டுக்காரி கைக்குப் போகாத மாதிரி ஒண்ணு பாருங்க. யானை வெல குதிர வெலன்னு போயிராதீங்க.”

டப்பாவையும் கெட்டுப்போனதையும் பையில் போட்டுக்கொண்டு அவர் குப்புசாமியின் கடைக்கு நடந்தார். கோயில் தாண்டித் தேங்காய்க் கடைக்கு அடுத்த கடை அது. போன் உறை, சார்ஜர், இயர்போன் விற்கிற, பழுதும் பார்க்கிற மனிதர் குப்புசாமி. மூக்கின் நுனியில் கண்ணாடி.

“சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாதது, வெலையும் அதிகமில்லாம,” என்றார் உதயகுமார்.

குப்புசாமி காகிதப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டியில் பச்சை இலை படம். உள்ளே மூங்கில் நிறத்தில் இயர்போன். உதயகுமாருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

“மூங்கிலா?”

“மேலுக்கு மூங்கில் சார். உள்ள எல்லாம் அதே சாமான்தான். சட்டை மட்டும் மாத்தியிருக்காங்க.”

“நீங்களே இப்படிச் சொன்னா எப்படி விக்கும்?”

“நாளைக்கு நீங்க வந்து கேட்டா நான்தான பதில் சொல்லணும்.”

வயரில்லாதது ஒன்றைக் காட்டினார். அதன் பேட்டரி பட்டாணி அளவு. தீர்ந்துவிட்டால் திறந்து மாற்ற முடியாது, முழுசையும் தூக்கி எறிய வேண்டியதுதான். உதயகுமார் அதைத் தொடவேயில்லை. கடைசியாக வந்தது சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் வயரைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். அறுந்தால் வயரை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். காதுக்குள் வைக்கும் ரப்பரும் தனியாகக் கிடைக்கும். உதயகுமார் கழற்றி மாட்டிப் பார்த்தார். உதிரிபாகம் மாற்றக்கூடிய எதையும் அவருக்குப் பிடிக்கும். விலையும் பரவாயில்லை.

“இதக் குடுங்க,” என்று சட்டைப்பையில் கை விட்டார்.

“இருங்க சார். பழசு எதனால போச்சு? அது தெரியாம புதுசு வாங்கினா இதும் அதே வழிக்குப் போகும்.”

குப்புசாமி பழைய இயர்போனைத் தன் போனில் சொருகி, “ஹலோ, ஹலோ” என்று பேசிப் பதிவுசெய்து கேட்டார். குரல் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. வயரின் நடுத் துண்டை விளக்கருகே பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு உதயகுமாரைப் பார்த்தார்.

“சார், ஆயுத பூஜை ஜோராப் பண்ணீங்களோ?”

“பண்ணினேன். ஏன்?”

“மைக்கு ஓட்டைக்கே பொட்டு வெச்சிருக்கீங்க.”

உதயகுமார் குனிந்து பார்த்தார். ஊசி நுழையும் அளவு துளை. அதில் காய்ந்து இறுகிய சந்தனம், ஓரத்தில் சிவப்பு. இந்த வீட்டின் வாயை நல்ல நாளில், பயபக்தியோடு அடைத்திருக்கிறார்.

“வெக்கப்படாதீங்க சார். தசரா முடிஞ்சா ரெண்டு வாரம் எனக்கு இதே வேலைதான். சார்ஜர் ஓட்டைல குங்குமம், ஸ்பீக்கர்ல அட்சத. ஒருத்தர் லேப்டாப்புல தேங்காத் தண்ணியே தெளிச்சுட்டு வந்தார்,” என்று சொல்லிக்கொண்டே குப்புசாமி மெல்லிய ஊசியால் சந்தனத்தைப் பொடித்தெடுத்து, ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் துடைத்தார். மறுபடி “ஹலோ.” இம்முறை குரல் கடைக்குள்ளேயே நின்று பேசியது.

உதயகுமார் மெதுவாகப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். அதிலிருந்த ஒன்று வயர் அறுந்தது. மற்றொன்றைக் குப்புசாமி விளக்கில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது போன வருசத்துப் பொட்டு.”

அதுவும் பிழைத்தது. குப்புசாமி புதியதைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். “இது இங்கயே இருக்கும். அது ரெண்டும் நெசமா செத்தா வாங்க.” வயர் அறுந்ததை மட்டும் உதிரிக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டார். உதயகுமார் இரண்டு ஜோடி புது ரப்பர் வாங்கினார். அதை மட்டும் வாங்கிக்கொண்டு போகக் கூச்சமாக இருந்ததால், தேவையே இல்லாமல் ஒரு போன் உறையையும் வாங்கினார்.

வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னார். ரூபா கோபப்படுவாள் என்றுதான் நினைத்திருந்தார்.

“பொட்டு வெச்சது நீங்க,” என்றாள். “ஈரத்துணி போட்டுத் தேச்சு உள்ளாற தள்ளுனது நானு. பின்ன ஈரோட்டுக்காரியக் கொற சொல்லி என்ன பண்றது?” அதற்குப் பிறகு நெடுநேரம் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், பிழைத்து வந்த பழையதைக் கையில் வாங்கிப் பார்த்து, “ரெண்டு இருக்குதுன்னா தைரியந்தான்,” என்றாள்.

மறுநாள் காலை முதல் அழைப்பு ஹனூர் பக்கமிருந்து. மஞ்சள் கிழங்கு அழுகுகிறது என்றார் செல்லக்கண்ணு என்கிற பெரியவர். ரூபா பேச ஆரம்பித்ததும் அவர் குறுக்கிட்டது, சமையலறையில் துண்டின் மேல் டம்ளர் தேய்த்துக்கொண்டிருந்த உதயகுமார் வரைக்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் ரூபாவின் பதில் கேட்டது.

“ஆமாங்ணா, நல்லாக் கேக்குதுங்களா? சந்தோசமுங்க. மொதல்ல தேங்குன தண்ணிய வாய்க்கா வெட்டி வடிய உடுங்க.”

உதயகுமார் கையைத் துடைத்துக்கொண்டு காபியோடு சாமான் அறைக்குள் போனார். டம்ளரை அவள் கைக்கு எட்டும்படி, மேசையில் துணி விரித்த பக்கமாக வைத்தார். அவள் போனை வைக்கும்வரை நின்றார்.

“ஏன் ரூபா, அடுத்த வருசம் அதுக்குப் பொட்டு வெக்கறதா, வேண்டாமா?”

ரூபா நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறப்பதற்குள் மறுபடி போன் அடித்தது. அவள் அந்தச் சின்னத் துண்டை வாயருகே இழுத்துவிட்டுக்கொண்டு, “வணக்கமுங்க, சொல்லுங்க,” என்றாள்.

அவர் காபி டம்ளரை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு நேற்றைய காலி டம்ளரை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வெளியே போனார்.