நாலாம் நம்பர் பிடித்த கால்கள்

தாராவியில் எங்கள் சந்துக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கபடிக் குழு இது. இதுவரை ஆடியவர்களில் சிறந்த ஏழு பேரைப் பொறுக்கி, பொங்கலுக்குப் பேனர் வைப்பது என்று கமிட்டியில் பேசினார்கள். பேசிய அன்றே அடிதடி. பழைய ரெய்டர்கள் இரண்டு பேர், யார் பெரியவன் என்று கேட்டு ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்தார்கள். அதில் ஒருவர் பேரன் எடுத்தவர். உடைந்த நாற்காலியின் கால் அவர் கன்னத்தைக் கிழித்தது. தையல் போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான், கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம் என்றார்கள். செயலாளரின் மகள் ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பழைய ஸ்கோர் தாள்களை மூட்டையாக வாங்கிப் போனாள். யார் எத்தனை புள்ளி எடுத்தார், யார் எத்தனை பேரைப் பிடித்தார், எல்லாவற்றையும் ஏற்றினாள்.

"கம்ப்யூட்டருக்கு மாமன் மச்சான் கெடையாது. அது சொல்றதுதான்," என்றார் செயலாளர்.

இடது கார்னருக்கு நாலாம் நம்பர் வந்தது. அது நான்.

நான் கேட், கிரில் வெல்டிங் செய்கிறவன். படிப்பு அதிகம் இல்லை. எதிலும் முதலில் வந்தவன் இல்லை. செயலாளரின் மகள் போனில் சொன்னபோது கையில் வெல்டிங் ராடு இருந்தது. சரி என்றேன். வேலையைப் பார்த்தேன். ஆனால் அன்று மாலை வரை அதே நினைப்புதான்.

கார்னர் வேலை இதுதான். எதிராளி மூச்சைக் கட்டிப் பாடிக்கொண்டு நம் பக்கம் வருவான். ஓரத்தில் நிற்பவன் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். அவன் சும்மா விடமாட்டான். மற்றக் காலால் மூஞ்சியில் மிதிப்பான். மூக்கு, பல், தாடை, எது கிடைக்கிறதோ அது. விட்டால் புள்ளி போச்சு. விடாவிட்டால் பல் போச்சு. எனக்கு முன்பல் இரண்டு இல்லை. மாட்டுங்காவில் ஒரு ஆட்டத்தில் தாடையே இறங்கிவிட்டது.

ஆட்டம் முடிந்த பிறகும் அடி உண்டு. நாங்கள் ஜெயித்தால் அவர்கள் அடிப்பார்கள். தோற்றால் நாங்கள் அடிப்போம். பெல்ட், கம்பு, சோடா பாட்டில். போலீஸ் வந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடுவோம்.

அந்த வாரமே அவன் பட்டறைக்கு வந்தான். குழுவில் எட்டாவது ஆளாக, மாற்று ஆளாக இருந்தவன். சுனாபட்டியில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறான். வலது முட்டி மடங்காது. காலை வீசி வீசி நடப்பான்.

"என்னலே மாப்ள, பேனர்ல நிக்கப் போறியாமே."

"கம்ப்யூட்டர் சொல்லுது."

"அதுல பாதி என் பிடில்லா?"

உண்மைதான். எங்களுக்குச் சட்டை ஏழுதான். ஒரு துணிக்கடைக்காரர் கொடுத்தது. ஆள் மாற்றினால், வெளியே வருகிறவன் சட்டையைக் கழற்றிக் கொடுப்பான், உள்ளே போகிறவன் அதையே மாட்டிக்கொள்வான். எனக்கு அடிபடும்போதெல்லாம் அவன்தான் நாலாம் நம்பர். என் ரத்தம் காயாத சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குவான். ஸ்கோர் எழுதுகிறவன் நம்பரை மட்டும் எழுதுவான். ஆள் மாறியதை யாரும் எழுதியதில்லை.

"தாடை தொங்கி நீ ஆஸ்பத்திரில கெடந்த. பைனல்ல கடைசி ஆளப் பிடிச்சது யாரு?"

"நீதான்."

"அப்பதான முட்டி போச்சு. அத்தன பேரும் மேல விழுந்தானுவ. நான் விட்டனா?"

"விடல."

அவன் கம்பிகளைப் பார்த்தபடி சொன்னான்.

"என் வீட்டுக்காரி நம்பமாட்டேங்கா. கல்யாணம் பொறவுதான ஆச்சு. குடிச்சிட்டுச் சாக்கடையில விழுந்து கால ஒடிச்சிக்கிட்டான்னு எவனோ சொல்லிட்டான். இன்னைக்கு வர அதையே சொல்லி ஏசுதா. பேனர்ல என் மூஞ்சி வரணும்லே."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கமிட்டிக்குப் போய், சட்டை மாறிய கதையைச் சொன்னோம். செயலாளரின் மகள் மடியில் லேப்டாப்போடு கேட்டாள்.

"அரே மாமா, தாள்ல நம்பர்தான் இருக்கு. கம்ப்யூட்டருக்கு மூஞ்சி தெரியாது. எந்த மேட்ச்ல எப்ப மாறினீங்கன்னு சொல்லுங்க, பிரிச்சுடறேன்."

சில ஆட்டங்களைச் சொன்னோம். மற்றது இருவருக்கும் நினைவில்லை. மண்டையில் மிதி வாங்கியவர்களிடம் கேட்டால் எப்படி.

"அப்ப மிச்சத்தைப் பாதி பாதி போடவா? ஆனா நான் மொத்தப் பிடியை வெச்சுத்தான் எடுத்திருக்கேன். பிரிச்சா ரெண்டு பேருமே கீழ போயிடுவீங்க. அதே கார்னர்ல ஆடின பழைய இரும்புக் கடை அங்கிள் மேல வந்துடுவார்."

சேர்ந்திருந்தால் முதல் இடம். பிரித்தால் இருவருக்கும் இல்லை.

"பிரிக்காத தாயி," என்றான் அவன். "கணக்கு அப்படியே இருக்கட்டும். என் படத்தப் போடு."

"என் படம்தான்," என்றேன்.

"ஒனக்கு எதுக்குலே? ஒன் பொண்டாட்டி ஒன்ன நம்புதால்லா."

"நானும்தான் பிடிச்சேன்."

"நீ பிடிச்ச. லேசா ரத்தத்தப் பாத்தா வெளிய வந்து ஒக்காந்துக்கிடுவ. ஒன் சட்டையப் போட்டு நான் கால ஒடிச்சிக்கிடணும். தூ."

அவனை அறைந்தேன்.

அவன் தலையால் என் வாயில் இடித்தான். உதடு கிழிந்தது. மேசையோடு சேர்ந்து விழுந்தோம். அந்தப் பெண் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினாள். விலக்க வந்த செயலாளருக்கும் ஒன்று விழுந்தது. வாசல் வழியே உருண்டு சந்துக்கு வந்தோம். அவன் தண்ணீர் டிரம்மைப் பிடித்து எழுந்தான். நான் கீழே கிடந்தேன்.

கீழே கிடந்தால் என் கை தானாகக் காலைத் தேடும். கணுக்கால் கிடைத்தது. இழுத்தேன். விழுந்தான். மடங்காத கால் என்று பிடித்த பிறகுதான் தெரிந்தது. விட்டிருக்கலாம். அவன் மற்றக் காலால் என் மூஞ்சியில் மிதித்தான். மிதித்தால் விடுவது எனக்குப் பழக்கமில்லை. முட்டியில் தோளைக் கொடுத்து முறுக்கினேன்.

முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் கத்தவில்லை. வியர்த்துப் போய் வானத்தைப் பார்த்தான்.

"நல்ல பிடிலே," என்றான்.

ஆட்டோவில் அவன் காலை என் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மனைவி ஓடி வந்தாள்.

"இன்னைக்கு எங்க குடிச்சிட்டு விழுந்தாவ?"

"குடிக்கல. நான்தான் ஒடிச்சேன்."

"எதுக்கு?"

சொன்னேன். சட்டை, பைனல், மேலே விழுந்தவர்கள், அவன் விடாதது, எல்லாம். பேசப் பேச உதட்டில் ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"அப்ப அந்தக் காலு ஆட்டத்துலதான் போச்சா?"

"ஆட்டத்துலதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கட்டிலருகே போனாள். அழுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த பையால் அவன் தோளில் அடித்தாள்.

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"சொன்னம்லாட்டீ."

"குடிச்சிட்டுல்லா சொன்னிய!"

அவன் சிரித்தான். கால் அசைந்து, சிரிப்பு பாதியில் நின்றது.

போன் வந்தது. செயலாளரின் மகள். யார் படம் என்று முடிவாகச் சொல்லுங்கள், அச்சடிக்கக் கொடுக்க வேண்டும் என்றாள். அவனைப் பார்த்தேன்.

"நீயே நின்னுக்கலே. எனக்கு இனி எதுக்கு," என்றான்.

"பிரிச்சுடு," என்றேன் போனில்.

"ரெண்டு பேரும் போயிடுவீங்க மாமா."

"தெரியும். பிரி."

அவன் மனைவி இஸ்திரிக் கடையை யார் திறப்பது என்று கேட்டாள். வாடிக்கைத் துணிகள் மூட்டையாகக் கிடக்கின்றன என்றாள்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போகாமல் சுனாபட்டிக்குப் போனேன். பெட்டியில் கரி போட்டேன். முதல் சட்டையிலேயே காலரைத் தீய்த்தேன். அவள் ஏசினாள். அடுத்த சட்டையை எடுத்தேன்.