மார்லிஸ் புதைத்த கற்கள்

கேனாப் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தும் மார்லிஸ் ஓல்டுராய்டை எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் கிடையாது, தலைமையாசிரியர் உட்பட. அப்பேர்ப்பட்டவளுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, சிவந்த பாறை இடுக்குகளில் கயிறு கட்டி இறங்குகிற பைத்தியம் பிடித்தது. புருஷன் கார்த்தையும் விடாமல் இழுத்துவிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, போன இலையுதிர்காலம் வரை. பாதி இறக்கத்தில் அவள் தலைமுடி, இடுப்பில் கயிறு ஓடும் இரும்பு வளையத்துக்குள் சிக்கிக்கொண்டது. ஆள் வந்து கத்தரிக்கும்வரை அந்தரத்தில் தொங்கினாள். முடி வளர்ந்துவிட்டது, பயம்தான் போகவில்லை.

"இந்தச் சனிக்கிழமைப் பயிற்சியில இறங்கிட்டேன்னா சரி. இல்லேன்னா கயிறை யாருக்காச்சும் குடுத்துடுவேன்" என்று கார்த்திடம் மட்டும் சொல்லியிருந்தாள். பாறை இல்லாத சனிக்கிழமைகளை அவளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

வசந்தம் பிறந்ததும் ஊருக்கு வெளியே பாறைமேல் கயிறு கட்டி இறங்குகிறவர்களின் கூட்டம் கூடிவிடும். அந்தச் சனிக்கிழமைப் பாடம், கயிறு கட்ட மரமோ ஆணியோ இல்லாத இடத்தில் எப்படி இறங்குவது என்பது. பட்டை வாரில் கற்களைச் சுற்றி மணலில் புதைத்து, அதில் கயிறு கட்ட வேண்டும். புதைத்தவர் இன்னொரு கயிற்றால் அதைத் தன் இடுப்போடு தொய்வாகப் பிணைத்துக்கொண்டு பின்னால் உட்காருவார். கல் நழுவினால் அவர் தாங்கிக்கொள்வார். கடைசியில் அவரும் அதே கல்லை நம்பி இறங்க வேண்டும்.

"நான் புதைக்கிறேன்" என்றாள் மார்லிஸ்.

அவள் கல்மேல் கல்லாக அடுக்குவதைப் பார்த்து கார்த் சிரித்தான். "ஏம்மா, மலையையே புதைக்கப் போறியா?"

"உன் தொப்பையைப் பாத்துதான் அடுக்குறேன். பேசாம மண்ணைத் தள்ளு."

எடை அதிகமான ஆள் இறங்கினால் கல்லின் பலம் தெரிந்துவிடும் என்பதால் கார்த்தான் முதலில் இறங்கினான். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். மிஞ்சியவள் வங்கியில் வேலை பார்க்கும் ஷாண்ட்ரா. அவள் குரலைத் தாழ்த்தி, "பின்பக்கம் நடக்கிற வழி இருக்குல்ல, அதுல வந்தாலும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றாள்.

மார்லிஸுக்குச் சுருக்கென்றது. "நான் நினைப்பேன்ல? நீ இறங்கு முதல்ல!"

மேலே அவள் தனியாக நின்றாள். முடியை இரண்டு தடவை தலைக்கவசத்துக்குள் திணித்தாள். இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தாள். அப்போதுதான் உறைத்தது, அந்தக் கயிறு ஒரு தடவைகூட இறுகவில்லையே! இத்தனை பேரையும், கார்த் உட்பட, தாங்கியது அவள் புதைத்த கல்தான்.

"என்னை மட்டும் தாங்காதா என்ன?" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்து விளிம்பைத் தாண்டினாள்.

பாதியில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழே கார்த்தின் முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ, மறுபடி சிக்கிக்கிச்சா?"

"ஒண்ணும் சிக்கல!"

"பின்னே என்ன? எல்லாரும் இறங்கினாத்தானே சாப்பாடு? பசி உயிர் போகுது, இறங்கு!"

"போய்யா! ஆறு மாசம் கழிச்சு இப்பத்தான் வந்திருக்கேன். ஆசை தீர இருந்துட்டுத்தான் வருவேன்."

பாறையைக் காலால் உந்தி ஆட ஆரம்பித்தாள். கூட்டம் முழுவதும் பசியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.