ஒரு வண்டிக்கு இரண்டு மேட்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கல்யாணப் பந்தியில் மோர் வருவதற்குள் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவனை வாரக்கணக்கில் ஒரே யோசனையில் கட்டிப்போட்டது எங்கள் பிக்கப் வண்டியின் பின்பக்கத் தரை.

எங்கள் என்றால் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும். நான் விழுப்புரத்தில், அவன் திண்டிவனத்தில். ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய பழைய வண்டி. வாரத்தின் முன்பாதி எனக்கு, பின்பாதி அவனுக்கு. புதன்கிழமை சாயங்காலம் விக்கிரவாண்டி டீக்கடையில் வண்டியை அவனிடம் விட்டுவிட்டு நான் பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை அவன் என்னிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவான். கொடுக்கிறவர் வண்டியைக் கழுவிக் கொடுக்க வேண்டும். இதை யாரும் பேசி வைக்கவில்லை, ஆனால் இருவருமே மீறியதில்லை.

நான் ஏற்றுவது வெல்லம். வளவனூர்ப் பக்கத்து ஆலைகளில் எடுத்து விழுப்புரம் மளிகைக் கடைகளுக்குப் போடுவேன். அவன் ஏற்றுவது கருவாடு. மரக்காணத்தில் எடுத்து சந்தை சந்தையாகப் போவான். வெல்லமும் கருவாடும் ஒரே வண்டியிலா என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஏன், ஒரே வயிற்றுக்குள் போகவில்லையா என்று நானும் பதிலுக்குச் சிரிப்பேன். பெயிண்ட் நன்றாக இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. இரண்டு பக்கெட் தண்ணீர், ஒரு தென்னந்துடைப்பம், முடிந்தது வேலை.

உப்புத் தண்ணீர்தான் கெடுத்தது. கருவாட்டு மூட்டையிலிருந்து கசிந்து, கீறல் வழியாக இறங்கி, தரைத் தகடு முழுவதும் துரு ஏறிவிட்டது. துருவுக்குள் போன வாசனை எதற்கும் வெளியே வரவில்லை. ஒரு நாள் பெரிய மளிகைக்காரர் ஒருவர் நான் இறக்கிய மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னாங்க இது, வெல்லத்துல மீன் நாத்தம் அடிக்குது? இத்த நான் யார்கிட்ட விக்கிறது? எட்த்துக்கினு போங்க."

கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குக் காது சூடேறிவிட்டது. வீடு வரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். எதிரில் ஆளே இல்லாத இடத்திலும் அடித்தேன்.

தரைக்கு மேல் ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. திண்டிவனத்தில் கேட்டால், வரிவரியாகப் புடைத்த இரும்புத் தகடு, செக்கர் பிளேட், வைத்து வெல்டிங் அடித்துவிடு, மாமாங்கத்துக்கும் கவலையில்லை என்றார்கள். விழுப்புரத்தில் கேட்டால், உப்புக்கு அது ஆகாது, அடியில் தண்ணீர் நின்று இன்னும் சீக்கிரம் அரிக்கும், கருப்புக் கோட்டிங் அடி, தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். கோட்டிங் சரியாக ஒட்டாவிட்டால் என்ன செய்வது? அலுமினியம் என்றால் நசுங்கும். ரப்பர் மேட் சௌகரியம், கழற்றிக் கழுவலாம், ஆனால் ரப்பர் வாசனையைக் குடிக்கும். சாப்பிடும்போதும் இதே பேச்சு. சிக்னலில் நிற்கிற ஒவ்வொரு பிக்கப்புக்கும் பின்னால் போய் எட்டிப் பார்ப்பேன். ஒரு டிரைவர் என்னைத் திருடன் என்றே நினைத்துவிட்டார்.

என் மனைவிக்குப் பயம் வந்துவிட்டது. அவளுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அந்தத் தம்பி ஒருவன்தான்.

"எதுனா ஒண்ண ஜல்தியா போடுங்க. இந்த வண்டியால உங்க ரெண்டு பேருக்கும் வார்த்த தடிச்சிப் போச்சின்னா, தீபாவளிக்குப் போறதுக்கு எனுக்கு ஒரு வாசல் இல்ல. தெரிஞ்சிக்குங்க."

"உந்தம்பிய நான் இன்னா சொல்லப் போறேன்?" என்றேன்.

அடுத்த நாள் வண்டி ஓட்டும்போது பளிச்சென்று அந்த யோசனை வந்தது. இரண்டு மேட். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவன் முறை வரும்போது அவன் மேட்டை விரித்துக்கொள்ளட்டும், என் முறைக்கு என் மேட். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இவ்வளவு சுலபமான வழி இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன்.

விழுப்புரத்தில் வண்டி பாடி வேலை செய்கிற கடைக்கு அவனையும் வரச் சொன்னேன். வந்தான். கடைக்காரர் மேட்டை விரித்துக் காட்டினார். இரண்டு வேண்டும் என்றதும், ஒரு வண்டிக்கு எதற்கு இரண்டு என்று கேட்டார். வேலை செய்கிறவர்கள், வண்டியை விட வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவசரத்தில் கொட்டினேன்.

"இவன் ஏத்துறது கருவாடு. அந்த மேட்டு மேல என் சரக்க வைக்க முடியாதுங்க. இவன் மேட்ட சுருட்டி இவன் வூட்லயே வச்சிக்கட்டும், என்னுத்தோட சேர வேணாம்."

அவன் மேட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கையை எடுத்துவிட்டான்.

"உனுக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணா மாமா?" என்று மெதுவாகக் கேட்டான். "எங்கப்பனுக்கு டீக்கடையில தனி கிளாசு வச்சிருந்தான். உங்கப்பனுக்கும்தான். அவன் வச்சான், சரி. நீ வைக்கலாமா?"

எங்கள் இரண்டு அப்பாக்களும் ஒரே நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஊர் டீக்கடைக் கூரையில் செருகி வைத்திருக்கும் கிளாசை அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, அவர்களே செருகிவிட்டு வரவேண்டும். அந்தக் கிளாசின் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அவன் எடுத்துவிட்டான். நான் சரக்கைத்தான் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லை என்று வாய் வரை வந்தது. அந்தக் காலத்து டீக்கடைக்காரரும் ஆளைச் சொல்கிறேன் என்றா சொல்லியிருப்பார், ஊர் வழக்கம் என்றுதானே சொல்லியிருப்பார் என்று உடனே தோன்றியது. அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனான்.

மேட் வேண்டாம், கோட்டிங் அடியுங்கள் என்று கடைக்காரரிடம் சொன்னேன். துருவைச் சுரண்டி, பிரைமர் போட்டு, கருப்பாக அடித்துக் கொடுத்தார். காயும்வரை தினமும் போய்ப் போய்ப் பார்த்தேன். விரலை வைத்து அழுத்தாதீங்க என்று இரண்டு தரம் திட்டு வாங்கினேன். கடைசியில் தரை கல் மாதிரி ஆகிவிட்டது. எதைக் கொட்டினாலும் ஒரு பக்கெட் தண்ணீரில் போய்விடும். கருவாட்டுத் தண்ணீரை ஊற்றியே பார்த்தேன். கழுவிய பிறகு மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்தேன், ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் கை பரபரத்தது. இதைக் காட்டினால் போதும், அவன் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை விக்கிரவாண்டியில் காத்திருந்தேன். மூன்று டீ குடித்தும் அவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. நேராகத் திண்டிவனத்துக்கே வண்டியை விட்டேன்.

வாசலில் நின்றிருந்தான். எப்போதும் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பேன். அன்று அவன் மனைவி நாற்காலியைக் கொண்டுவந்து வெளியே போட்டாள்.

"வாங்க மாமா, உக்காருங்க" என்றான்.

நான் உட்காரவில்லை. பின்கதவை இறக்கி, தரையைத் தட்டிக் காட்டினேன். "பாருடா. இனிமே நாத்தமே நிக்காது. உன் சரக்கு, என் சரக்கு எல்லாம் இதே தரையிலதான். மேட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எட்டிப் பார்த்தான். தடவியும் பார்த்தான். "நல்லா அடிச்சிருக்கான்."

"சாவியப் புடி. நாளைக்கி உன் முறை."

"இல்லீங்க மாமா. கருவாட்டுக்கு நான் வேற வண்டி பேசிட்டேன். இதுல நீங்க வெல்லமே ஏத்துங்க."

"அதான் நாத்தம் நிக்காதுன்றனே."

"வண்டில நிக்காது. சரி. அன்னிக்கி அத்தினி பேரு எதிர்ல சொன்னீங்களே, அது?"

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்தி, சண்டை போட்டு, சமாதானமாகியிருப்பேன். கோபமே இல்லை. காபி சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றான். வந்தது, குடித்தேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு மேம்பாலத்துக்கு அடியில் வந்து நிறுத்தினேன். போன் அடித்தது. என் மனைவி.

"எந்தம்பி வண்டிய வாங்கிக்கினானா?"

"ம்."

"கோவமா இருந்தானா?"

"கோவம்லாம் இல்ல."

"அப்பாடா. இத்தினி நாளும் எனுக்கு உசுரே இல்ல. நீங்க பஸ்சு ஏறிட்டீங்களா?"

கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஏறிட்டேன் என்றேன்.