பத்து லட்சத்து மூன்று

என்னை ஓரிடத்தில் உட்கார வைப்பது எங்கள் வீட்டில் யாராலும் ஆகாத காரியமாக இருந்தது. மாமா ஒருவர்தான் அதைச் சாதித்தார், அதுவும் ஒரே ஓர் எண்ணை வைத்து.

அம்மாவைப் பிரசவத்துக்காகக் காரைக்கால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சிரித்துக்கொண்டுதான் போனாள். மறுநாள் காலையில் யாரோ வந்து ஏதோ சொல்ல, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். நெரவியில் எங்கள் வீட்டுக்கும் எனக்கும் காவலாக அம்மாவின் தம்பி வந்து சேர்ந்தார். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அவரை நச்சரித்தேன். நானே நடந்து போய்விடுவேன் என்று செருப்பையும் மாட்டிக்கொண்டு நின்றேன்.

மாமா சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கூடத்துச் சிமெண்டுத் தரையில் 1000003 என்று எழுதினார்.

"மீதியில்லாம இதை வகுக்குற ஒரு நம்பரைக் கண்டுபிடி. ஒண்ணு ஆகாது, இதே நம்பரும் ஆகாது. கண்டுபிடிச்சா அந்த நிமிஷமே சைக்கிள்ல ஏத்தி அம்மாகிட்ட அழைச்சிட்டுப் போறேன்."

இவ்வளவு பெரிய எண் எதற்காவது மசியாமலா போகும்? குப்புறப் படுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஏழால் வகுத்தேன், நான்கு மிஞ்சியது. பதினொன்றால் வகுத்தாலும் நான்கு. பதின்மூன்றுக்கும் அதே நான்கு. எண் வழிக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். பதினேழால் வகுத்தால் பன்னிரண்டு மிஞ்சித் தொலைத்தது. எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் சமையலறை வாசல்வரை வகுத்துக்கொண்டே போனேன்.

மாமாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் தெருவில் போன் கிடையாது, சேதி சைக்கிளில்தான் வரவேண்டும். வாசலுக்குப் போய்ப் போய் ரோட்டைப் பார்த்தார். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்து, அவரும் வகுக்கத் தொடங்கினார். நான் நெருங்கவே பயந்த பெரிய எண்களால் வகுத்தார். மீதி வந்தபோதெல்லாம் என்னைப் போலவே உதட்டைக் கடித்தார். வெயில் தாழும்வரை இரண்டு பேரும் வகுத்துக்கொண்டே இருந்தோம்.

அது பகா எண், எதற்கும் வகுபடாது என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. தெரிந்த அன்று மாமாமீது அப்படியொரு கோபம் வந்தது. பச்சைப்பிள்ளையை இப்படியா ஏமாற்றுவது? கோபத்தின் நடுவில்தான் நினைவு வந்தது: அது வகுபடாது என்று நன்றாகத் தெரிந்தவர்தான் அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. மாமா தலையைத் தூக்கவில்லை. அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒங்கக்கா பொழச்சிட்டா. புள்ளதான் தங்கல."

மாமா சாக்பீஸைப் போட்டுவிட்டு, எழுதியிருந்த எண்களின் மேலேயே கவிழ்ந்து விம்மினார். பெரியவர்கள்கூடக் கணக்கு வரவில்லை என்று அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அழாதீங்க மாமா, நாளைக்கு வேற நம்பரால வகுத்துப் பாக்கலாம்" என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.