மீனலோசனி ரீச்சரின் மணல் வகுப்பு

சரவணை ஊர் வாசிகசாலை, காலையில் ஆண்கள் பேப்பர் பார்த்துவிட்டுப் போனால், பின்னேரம்வரை சும்மாதான் கிடக்கும். 1967இல் மீனலோசனி அதைக் கேட்டு வாங்கிப் பாலர் வகுப்புத் தொடங்கினாள். தாய்மார் சிலேட்டும் கையுமாகப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அவள் சிலேட்டுகளை அலுமாரிக்குள் அடுக்கிவிட்டு, கடற்கரை மணலையும் சோகிச் சிப்பிகளையும் நிலத்தில் கொட்டினாள். ஒரு சட்டியில் தண்ணீர், இன்னொன்றில் தவிடு. பிள்ளைகள் சிரட்டையால் அள்ளி, ஊற்றி, யாருடையது கூடுதல் என்று சண்டை பிடித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, மணப்பது கோப்பித்தூளா மல்லியா என்று கத்திச் சொன்னார்கள்.

வாசிகசாலைச் செயலாளர் பரராசசிங்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"பிள்ளை, பேப்பரை விரிச்சால் மண் கொட்டுது. இது வாசிகசாலையோ கடற்கரையோ?"

"கூட்டிவிடுறன் அண்ணை."

அந்த வருடம் நாகபூசணி தன் ஒரே மகள் வதனியை இடுப்பில் தூக்கிவந்தாள். கைக்குழந்தையில் கடும் காய்ச்சல் கண்ட பிள்ளை. அதன்பின் நிலத்தில் விடாமலே வளர்த்திருந்தார்கள். மணல் காலில் பட்டால் அலறும். விரலில் ஒரு சோறு ஒட்டினாலும் அழும்.

"ஒண்டும் படக்கூடாது ரீச்சர். அவளுக்கு ஏலாது."

மீனலோசனி வற்புறுத்தவில்லை. மணலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்தினாள். வதனி பார்த்துக்கொண்டே இருந்தாள். சில கிழமைகளில் தவிட்டுக்குள் புதைத்த சோகியைத் தேடி ஒரு விரலை விட்டாள். பிறகு முழுக் கையையும் விட்டாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, பிள்ளைகள் முற்றத்துச் சேற்றுக்குள் ஓடினார்கள். வதனி வாசலில் நின்று ஒரு காலை மெல்ல இறக்கினாள். விரல்களுக்கிடையால் சேறு பிதுங்கியது. இதோ அலறப்போகிறாள் என்று மீனலோசனி கிட்ட ஓடினாள்.

"ரீச்சர், கூசுது!" என்று சிரித்தபடி பிள்ளை மற்றக் காலையும் வைத்தாள்.

மத்தியானம் வந்த நாகபூசணி, சேற்றுக்குள் குந்தியிருந்து 'இடியப்பம்' பிழியும் மகளைக் கண்டாள். "என்ன கோலமடி இது!" என்று வாரித் தூக்கியவள், ரீச்சரின் முகத்தைப் பாராமலே போய்விட்டாள். மறுநாள் பிள்ளை வரவில்லை. தடிமன் பிடித்துவிட்டதோ, அவசரப்பட்டுவிட்டேனோ என்று மீனலோசனிக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் நாகபூசணி வந்தாள். வதனி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

"நேற்று ஒரே மழை ரீச்சர், அதுதான் வரேல்லை. இவள் தானே சோத்தைக் குழைச்சுச் சாப்பிட்டவள். இடியப்பம் எண்டு விரலுக்குள்ளாலை பிழிஞ்சு, மூஞ்சையெல்லாம் சோறு! எனக்குச் சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்லை. இண்டைக்குப் பழஞ்சட்டைதான் போட்டு விட்டனான்."

இந்தக் கதை ஊர் முழுக்கப் பரவியது. பரராசசிங்கம் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார், பேப்பர்களைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொண்டு. அங்கே பிள்ளைகள் ஈரமணலில் விரலால் 'அ' எழுதினார்கள். சிலேட்டைக் கேட்ட தாய்மாரும் அடங்கிப்போனார்கள். எண்பதுகளிலும் அந்தக் கொட்டில் இரைச்சலாகவே இருந்தது. யாராவது ஒரு தாய் புளியங்கொட்டையோ பஞ்சோ கொண்டுவந்து, "இது உதவுமோ ரீச்சர்?" என்று கேட்டால், மீனலோசனி முதலில் தானே கையை விட்டு அளைந்து பார்ப்பாள்.