தூங்கும் பிள்ளையைப் பார்த்த மதினி

தூங்குகிற பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்பதில் நான் ரொம்பக் கண்டிப்பானவள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். ஆண்டுதோறும் மூச்சு மண்டலத்தைக் கரும்பலகையில் வரைந்து, பாகங்களைக் குறித்து, அதையே பரீட்சையிலும் கேட்கிறவள். அப்படியிருந்தும், கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்ததும் படித்ததெல்லாம் எங்கோ ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, உள்ளங்காலில் ஒன்று. தூங்கினால் மேலே ஒரு துண்டு. யாராவது எட்டிப் பார்த்தால், "தூங்குறா, முழிச்சதும் பாக்கலாம்" என்று குறுக்கே நின்றுகொள்வேன். பெற்றவள் கண்ணும் படும் என்று பயந்து நானே கூட உற்றுப் பார்க்கமாட்டேன்.

எல்லாரையும் விட எனக்குப் பயம் என் வீட்டுக்காரரின் அக்காவிடம்தான். அலங்காநல்லூரில் இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். இருபது வருஷத்துக்கு முன்னால் மதினிக்கு ஒரு பிள்ளை பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே தவறிவிட்டது. அதற்கப்புறம் பிள்ளை இல்லை. எப்படித் தவறியது என்று நான் கேட்டதில்லை, எனக்கு யாரும் சொன்னதுமில்லை. ஆனால் என் வளைகாப்பில் மதினி தானாகவே கடைசி வரிசையில் போய் நின்றதும், யாரும் முன்னால் வரச்சொல்லிக் கூப்பிடாததும் எனக்குத் தெரியும். நானும் கூப்பிடவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்தபோதெல்லாம் கூடத்திலேயே காபி கொடுத்து, பேச்சுக் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நாசூக்காக அனுப்பிவைத்தேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

எங்கள் வீடு சிம்மக்கல்லில், வீட்டுக்காரரின் மொத்த வியாபாரக் கடைக்கு மேல்மாடியில். கார்த்திகை மழை விடாமல் பெய்த ஒரு வாரம். முதலில் அவருக்கு ஜலதோஷம். ரெண்டே நாளில் பிள்ளைக்கு வந்துவிட்டது. நாலு மாதம் முடிந்திருந்தது. மூக்கு ஒழுகியது, உடம்பு லேசாகக் கதகதத்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருகிற சளிதானே என்று ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் மாட்டி, அதற்கு மேல் துண்டையும் போர்த்தி மூட்டை கட்டி வைத்தேன். மறுநாள் இருமல். மூன்றாம் நாள் காலையில் பால் கொடுத்தால் நாலு வாய் இழுத்துவிட்டு, களைத்துப்போய் வாயை எடுத்துவிட்டாள். விடிந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஒன்றுக்குப் போகவில்லை. ஆனால் அழாமல் தூங்கினாள். தூங்கினால் சரியாகிவிடும் என்று சமையலைப் பார்க்கப் போனேன்.

பதினோரு மணி வாக்கில் மதினி வந்தார். கடைவீதிக்கு வந்தவர், தோட்டத்து அவரைக்காயைக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று மாடி ஏறியிருக்கிறார். வழக்கம்போலக் கதவோரமாக உட்கார்ந்தார்.

"உள்ள குக்கர் எதுவும் வச்சிருக்கியாத்தா? சீத்து சீத்துன்னு என்னமோ கேக்குதே."

"பாப்பாதான் மதினி. சளி புடிச்சிருக்கு. தூங்குறா."

மதினி தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, இத்தனை மாதத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். எழுந்து நேராக உள்ளே போனார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவதற்குள் துண்டை எடுத்து, ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றி, உள்சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "தூங்குற பிள்ளைய எதுக்கு மதினி பாக்குறீங்க? உங்க கண்ணு வேற படணுமா?" என்று கத்திவிட்டேன்.

சொன்னது சொன்னதுதான். மதினி திரும்பவே இல்லை.

"என்னைய அப்புறமா வையி. மொதல்ல இங்க வந்து இவளப் பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே போய்க் குழி விழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடங்கியது. வயிறு படபடவென்று ஏறி இறங்கியது. இத்தனையும் அந்தத் துண்டுக்கும் ஸ்வெட்டருக்கும் அடியில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. செல்போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினேன். அறுபதைத் தாண்டியதும் எனக்கு எண்ணிக்கையே குழறியது. மதினி அதற்குள் மாடிப்படியில் நின்று, கீழே கடையிலிருந்த தன் தம்பியை, என் வீட்டுக்காரரை, ஆட்டோ கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா முதலில் செய்தது, பஞ்சை நனைத்து என் மகளின் உள்ளங்கால் மைப்பொட்டை அழுந்தத் துடைத்ததுதான். "மை இருந்தா மெஷின் சரியாக் காட்டாதும்மா" என்று சொல்லி, சிவப்பு விளக்கு எரிகிற பட்டையைக் காலில் சுற்றினார். ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே இருந்தது. மூக்கில் மெல்லிய குழாய் வைத்து உடனே ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

"ஊசி போடலையா டாக்டர்?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம்.

டாக்டரம்மா பொறுமையானவர். "இது வைரஸால வாரது. நுரையீரலுக்குள்ள இருக்குற பொடிப்பொடிக் குழாயெல்லாம் வீங்கி, சளி அடைச்சிருக்கு. பெரியவங்களுக்கு வந்தா வெறும் ஜலதோஷம். இம்புட்டூண்டு குழாய்க்கு அதுவே பெருசு. ஆன்டிபயாடிக் கேக்காது. மூக்கை அடைக்காமப் பாத்துக்கணும், ஆக்சிஜன் குடுக்கணும், பால் உள்ள போகணும். அதுவாத்தான் இறங்கும். மூணாம் நாள்லருந்து அஞ்சாம் நாள் வரைக்கும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பயப்படாதீங்க."

நான் பரீட்சையில் ரெண்டு மார்க் கேள்வியாகக் கேட்கிற அந்த நுண்குழாய்கள்தான். கரும்பலகையில் மரக்கிளை மாதிரி வரைந்துவிட்டுப் போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதல் நாள் மூக்கு வழியே குழாய் விட்டுப் பாலை உள்ளே இறக்கினார்கள். மறுநாளிலிருந்து பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக நானே புகட்டினேன். பால் கொடுக்குமுன் மூக்கில் உப்புத்தண்ணீர்ச் சொட்டுவிட்டு, சளியை உறிஞ்சி எடுக்கவேண்டும். "வழக்கமாக் குடிக்கிறதுல பாதிகூடக் குடிக்கலைன்னாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, உதடு நீலம் பாஞ்சாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. சோர்ந்து தூங்குறதும் நல்லதுன்னு நினைக்காதீங்க. சட்டையத் தூக்கி நெஞ்சப் பாருங்க" என்றார் டாக்டரம்மா. என் வேலையே அதுவாகிப் போனது. பிள்ளை தூங்க, நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் பயந்ததில்லை.

மதினி ஊருக்குப் போகவில்லை. வார்டு வாசல் பெஞ்சில் பிளாஸ்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கஞ்சி, வெந்நீர் எல்லாம் வாசலோடு கொடுத்துவிடுவார். உள்ளே வரவில்லை. நான் வீட்டில் கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் மதியம் மூச்சு நாற்பதுக்கு இறங்கியது. ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். இருமல் ரெண்டு மூன்று வாரம் இருந்துதான் போகும், கவலையில்லை என்றார்கள். வாசலுக்குப் போய் மதினியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

"எப்படி மதினி கண்டுபிடிச்சீங்க?"

கொண்டுவந்த காபியை டம்ளரில் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"எம்பிள்ளைக்கும் இந்தச் சத்தந்தான் கேட்டுச்சு. கண்ணு பட்டிருச்சுன்னு சொல்லி மூடியே வச்சிருந்தாக. யாரும் பாக்கப்படாதுன்னுட்டாக. நானும் பாக்கலத்தா. நாலாம் நாளு துண்ட எடுத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு, வெலாவுக்குக் கீழ இப்படித்தான் குழி விழுந்து கெடந்துச்சு. பஸ்ஸப் புடிச்சு மதுரைக்கு வாரதுக்குள்ள..."

டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

இருபது வருஷமாக எங்கள் குடும்பம் இந்த மனுஷியின் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை முகத்துக்கு நேரேயே சொன்னேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எல்லாம் என்மேல்தான். "மன்னிச்சிருங்க மதினி" என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.

மதினி ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க மதினி."

"வேணாந்தா" என்றார். "தூங்குறாள்ல."