கோபுரம் இடக்கையில்

காவிரிப் பாலத்தின் நடுவில் வந்தபோதுதான் இடுப்பில் இன்னும் ஏப்ரன் கட்டியிருப்பது தெரிந்தது. தென்னூரில் வேலை பார்த்த ஓட்டலிலிருந்து அப்படியே இறங்கி வந்துவிட்டேன்.

"பைலட் பரிட்சைக்கு லீவா? போன தடவை போயி என்ன கிழிச்சே?" என்று அங்கே சமையல் மாஸ்டர் கேட்டிருந்தார். பேச்சு முற்றி வேலையே போய்விட்டது.

நியாயமான கேள்விதான். போன தடவை ஃபெயில். ஏப்ரனை அவிழ்த்துப் பைக்குள் திணித்துவிட்டு ஸ்ரீரங்கத்தைப் பார்த்து நடந்தேன். வேலை போனது உறைக்கவே இல்லை. ஏன் ஃபெயிலானேன் என்பது அன்று காலைதான் பிடிபட்டிருந்தது. அந்தக் குஷியில் கால் தரையில் பாவவில்லை.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தென்னாப்பிரிக்காவில் ஒரு சின்ன விமானத்தளத்து கேன்டீனில் சமைத்து, அந்தச் சம்பளத்திலேயே விமானம் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கினேன். அதை அப்படியே வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது, மாற்ற வேண்டும். முதலில் பிளஸ் டூ இயற்பியலும் கணக்கும் கேட்டார்கள். தனியாகப் படித்து எழுதினேன். இந்திய விமானச் சட்டத் தேர்விலும் தேறினேன். மிச்சம், வானிலையும் வழி கணிப்பதும் சேர்ந்த ஒரு தாள். அதில்தான் விழுந்தேன். அது தேறாவிட்டால் வாங்கிய லைசென்ஸ் வெறும் அட்டை.

விழுந்த காரணம் இதுதான். பூமியின் தென்பாதியில் புயல் கடிகார முள் போகிற பக்கம் சுழலும். இங்கே நேர் எதிர். அங்கே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் நடு வலக்கைப் பக்கம் இருக்கும், இங்கே இடக்கைப் பக்கம். படிக்காமல் இல்லை. ஆனாலும் அங்கே பழகிய உடம்பு. அவசரத்தில் காற்றுக் கேள்விகளையெல்லாம் தலைகீழாகப் போட்டுவிட்டேன்.

அப்படியானால் உடம்புக்குத்தான் பாடம் எடுக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு மாடி அறை கிடைத்தது. விடிந்ததும் சித்திரை வீதியில் இறங்குவேன். எல்லோரும் கோயிலை வலக்கைப் பக்கம் வைத்து வலம் போவார்கள். நான் எதிர்த்திசையில் வருவேன். கோயில்தான் புயலின் நடு, நான் காற்று. "முதுகில காத்து, இடக்கையில புயல்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடப்பேன்.

மூலையில் பூ விற்கும் அக்கா விடமாட்டார். "ஏங்க, பெருமாளோட எதுவும் சண்டையா? ஊரே வலமா போகுது, நீங்க மட்டும் மூஞ்சிக்கு நேரா வர்றீங்க!"

"பரிட்சைக்குப் படிக்கிறேங்க்கா."

"நல்லா படிச்சீங்க போங்க."

ஒரு நாள் நாமம் போட்ட மாமா ஒருவர் வழியை மறித்தார். "அப்பிரதட்சிணமா போறேளே, தெரிஞ்சுதான் போறேளா?"

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "சரி, பாஸானதும் பிரதட்சிணமா வந்து கழிச்சுடுங்கோ" என்று சொல்லிவிட்டு வழியை விட்டார்.

சென்னையில் தேர்வு. திரையில் முதல் புயல் கேள்வி வந்ததும் மனசுக்குள் சித்திரை வீதி வந்தது. கோபுரம் இடக்கையில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரல் தயங்கவே இல்லை.

முடிவு வந்தபோது அக்கா கடை முன்னால்தான் நின்றிருந்தேன். பாஸ்! நான் போட்ட கூச்சலில் அவர் மடியிலிருந்த பூப்பந்து உருண்டு வீதிக்கே போய்விட்டது.

"அப்ப நாளைக்கே பிளேன் ஓட்டப் போறீங்களா?" என்றார், நூலைச் சுற்றிக்கொண்டே.

"இல்லக்கா. அதிகாரி ஒருத்தரைப் பக்கத்துல வச்சு ஓட்டிக் காட்டணும். அதுக்கு நாள் இருக்கு. அதுவரைக்கும் சோத்துக்கு ஒரு வேலை பார்க்கணும்."

"என் தம்பி பேட்டரி வண்டி விட்டிருக்கான். நடக்க முடியாதவங்கள ஏத்திக்கிட்டுக் கோயிலைச் சுத்தணும். டிரைவர் வேணும்னான். ஆனா வலமாத்தான் ஓட்டணும், இப்பவே சொல்லிட்டேன்!"

மறுநாள் காலை அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். பின் இருக்கையில் முட்டிவலி மாமிகள். கோபுரத்தை வலக்கைப் பக்கம் வைத்து மெல்லக் கிளப்பினேன்.